கிராஃபிக்ஸ் பஃபர்: லினக்ஸ் கேர்னல் டிரைவரில் உருவாக்குவது முதல் விடுவிப்பது வரை

ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு லினக்ஸ் கிராஃபிக்ஸ் டிரைவரைக் கையிலெடுக்கும் மாணவர்களுக்காக எழுதுகிறோம். சி மொழி தெரியும், கேர்னல் மொடியூல் ஒன்றைக் கம்பைல் பண்ணி ஏற்றத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

திரையில் முதற்படம் வரும்வரை பெரிய சிக்கல் இருக்காது. விண்டோவை மூடித் திறக்கும்போது, இரண்டு செயலிகள் (புரோகிராம்கள்) ஒரே படத்தைப் பகிரும்போது, ரேம் குறையும்போதுதான் கேர்னல் விழும். தேடிப் போனால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: யாரோ இன்னும் பிடித்திருக்கும் பஃபரை (படத்தின் பிக்சல்களை வைத்திருக்கும் மெமரித் துண்டை) டிரைவர் விட்டுவிட்டது; அல்லது எல்லோரும் விட்ட பிறகும் டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பஃபரை ஐந்து பேர் பிடிக்கலாம். பாவனையாளர் செயலியின் ஹேண்டில் (பஃபரைக் குறிக்கும் எண்), அந்தச் செயலியின் மெமரி மேப், ஜிபியுவில் ஓடும் வேலை, வேறு சாதனத்தோடு பகிர்வதற்கான டிஎம்ஏ-பஃப், திரைக்குப் படம் அனுப்பும் ஃபிரேம்பஃபர். எந்த நொடியிலும் இந்த ஐவரில் யார் இன்னும் பிடித்திருக்கிறார் என்று உங்கள் கோட் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்காகத்தான்.

லினக்ஸின் கிராஃபிக்ஸ் பகுதியான டிஆர்எம்மில் பஃபர்களை நிர்வகிக்கும் அடித்தளம் ஜெம். இன்டெல் பொறியாளர்கள் எழுதிய இது 2008 டிசம்பரில் வெளிவந்த 2.6.28 கேர்னலில் சேர்ந்தது. தனி வீடியோ மெமரி உள்ள கார்ட்களுக்கான டிடிஎம் 2009இல் 2.6.31 உடன் வந்தது. இங்கே நாம் பேசுவது சிபியுவும் ஜிபியுவும் ஒரே ரேமைப் பகிரும் சாதனங்களைப் பற்றி: ராஸ்பெரி பை, போன்களில் உள்ள மாலி, லெப்டொப்பின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ். டிடிஎம்மை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது பஃபரை வீடியோ மெமரிக்கும் ரேமுக்கும் இடையே நகர்த்துவதற்கானது, அந்தத் தேவை இங்கே இல்லை.

முதலில் பாதுகாப்பான இடம்

பாவிக்கும் லெப்டொப்பிலேயே பரிசோதனை வேண்டாம். கியூஎமுவில் 2 ஜிபி ரேம் கொடுத்து ஒரு மெய்நிகர் கணினி ஓட்டுங்கள். வன்பொருள் ஒன்றும் இல்லாமலே திரை டிரைவரைப் படிக்க விகேஎம்எஸ் மொடியூல் உண்டு; 2018இல் 4.19 கேர்னலில் வந்தது. சிறிய கோட், ஓரிரு நாளில் முழுவதும் வாசித்து முடிக்கலாம். பஃபர் பகிர்வையும் ஃபென்ஸையும் (ஜிபியு வேலை முடிந்ததை அறிவிக்கும் குறி) சோதிக்க விஜெம் மொடியூலும் இருக்கிறது.

கேர்னல் மூலத்தை முழு வரலாற்றோடு இறக்கினால் ஜிபி கணக்கில் டேட்டா போகும். 'கிட் குளோன்' கட்டளையோடு '--டெப்த் 1' கொடுங்கள். பிறகு 'மேக் லோக்கல்மொட்கன்ஃபிக்' ஓட்டினால் இப்போது ஏற்றியிருக்கும் மொடியூல்கள் மட்டும் கம்பைலுக்குத் தெரிவாகும். பழைய மெஷினில் இது மணித்தியாலங்களை மிச்சப்படுத்தும். கேஏசான் (மெமரியைத் தவறாகத் தொடுவதைப் பிடிப்பது), ப்ரூவ் லொக்கிங் (லொக் ஒழுங்கைச் சோதிப்பது), டிஎம்ஏ ஏபிஐ டிபக் (சாதனம் நேரே ரேமைத் தொடும் டிஎம்ஏவைச் சோதிப்பது), கேமெம்லீக் (விடுபடாத மெமரியைக் காட்டுவது) ஆகிய நான்கு சோதனை வசதிகளையும் தொடக்கத்திலேயே இயக்கிவிடுங்கள். கேஏசான் ரேமில் எட்டிலொரு பங்கைத் தனக்கென எடுக்கும், 2 ஜிபியில் 256 எம்பி. அது தகும்.

ராஸ்பெரி பையில் வேலை செய்வதென்றால் சீரியல் இணைப்பு கட்டாயம் வேண்டும். டிரைவர் விழும்போது திரையும் சேர்ந்து போகும், செய்தியை வேறெங்கும் பார்க்க முடியாது. 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கேபிளின் தரைக்கம்பி 6ஆம் பின்னுக்கு, கேபிளின் உள்வாங்கும் கம்பி 8க்கு, அனுப்பும் கம்பி 10க்கு. வேகம் 115200. 5 வோல்ட் கேபிளைப் போட்டால் போர்ட் கெட்டுவிடும். மாரி மாதங்களில் மட்டக்களப்புப் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும்போது எழுதிக்கொண்டிருக்கும் எஸ்டி கார்டின் ஃபைல் சிஸ்டம் குழம்பும். ஆகவே மூலக் கோடை ராஸ்பெரி பையில் வைக்காதீர்கள். லெப்டொப்பில் கம்பைல் பண்ணி மொடியூலை மட்டும் அனுப்புங்கள்.

அளவு

பாவித்த லெப்டொப்களில் அதிகம் காணும் 1366 × 768 திரையை எடுப்போம். பிக்சலுக்கு 4 பைட், ஆக ஒரு வரிக்கு 5464 பைட். பல திரை வன்பொருள்கள் வரியின் நீளம் 64இன் மடங்காக இருக்கவேண்டும் என்று கேட்கும். அப்போது அது 5504 ஆகிறது. இந்த வரி நீளத்துக்குத்தான் பிட்ச் என்று பெயர். மொத்தம் 5504 × 768 = 42,27,072 பைட்; 4096 பைட் பக்கமாக எண்ணினால் சரியாக 1032 பக்கங்கள்.

டிரைவர் 5504 என்று கணக்கிட்டுச் செயலி 5464 என்று எழுதினால் என்ன நடக்கும்? வித்தியாசம் 40 பைட், அதாவது 10 பிக்சல். ஒவ்வொரு வரியும் முந்தியதைவிட 10 பிக்சல் விலகும், படம் முழுக்கச் சரிந்து நிற்கும். சரிந்த படத்தைக் கண்டால் வேறெதையும் தேடாமல் பிட்ச்சைப் பாருங்கள். ஒரு வரிக்கு எத்தனை பிக்சல் விலகுகிறது என்று எண்ணி நாலால் பெருக்கினால் எத்தனை பைட் பிழை என்பதும் தெரிந்துவிடும். 1920 × 1080 திரையில் இந்தப் பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் 7680 ஏற்கெனவே 64இன் மடங்கு. ஆகையால் 1366இல் சோதிக்காமல் பிட்ச் சரி என்று சொல்லாதீர்கள்.

மொத்த அளவு பக்க எல்லையில் முடியவேண்டும். முடியாத அளவை ஜெம்மின் தொடக்கச் செயலுக்குக் கொடுத்தால் கேர்னல் அங்கேயே 'பக்' என்று நின்றுவிடும். ஆகவே 'பேஜ்_அலைன்' போட்டுக் கொடுங்கள். ஆனால் இதிலேயே ஒரு பொறி உண்டு. உங்கள் சொந்த ஐஒக்டல் (செயலி டிரைவரிடம் வேலை கேட்கும் அழைப்பு) 64 பிட் அளவைப் பாவனையாளரிடமிருந்து நேரே வாங்கினால், அவர் உச்ச எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றைக் கொடுக்க, பேஜ்_அலைன் சுற்றிவந்து பூச்சியத்தில் நிற்கும். அலைன் பண்ணிய பிறகு அளவு பூச்சியமா என்று மறுபடி சோதியுங்கள். இன்று பாவிக்காத கொடி பிட்களும் நிரப்பு இடங்களும் பூச்சியமாக இல்லாவிட்டால் 'ஈஇன்வல்' (தவறான மதிப்பு) என்று திருப்புங்கள். இன்று குப்பையை ஏற்றுக்கொண்டால் நாளை அந்த பிட்டுக்குப் பொருள் கொடுக்க முடியாமல் போகும்.

பக்கங்கள் எங்கிருந்து வரும்

சாதனத்துக்குச் சொந்த எம்எம்யு (முகவரிகளைப் பக்கங்களோடு பொருத்தும் பகுதி) இருந்தால் சிதறிக்கிடக்கும் பக்கங்கள் போதும், ஷ்மெம் உதவிக் கோட்டைப் பாவியுங்கள். இது 2019இல் 5.2 கேர்னலில் வந்தது. பான்ஃப்ரொஸ்ட், லிமா, விகேஎம்எஸ், வி3டி ஆகிய டிரைவர்கள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. எம்எம்யு இல்லாவிட்டால் தொடர்ச்சியான மெமரி வேண்டும். அப்போது டிஎம்ஏ உதவிக் கோட். முன்பு சிஎம்ஏ என்ற பெயரில் இருந்ததை 6.1இல் மாற்றினார்கள், ஆகையால் பழைய பாடங்களில் பழைய பெயரே இருக்கும்.

ராஸ்பெரி பை 4 இரண்டையும் ஒருங்கே காட்டும். முப்பரிமாணம் வரையும் வி3டிக்கு எம்எம்யு உண்டு. திரைக்கு அனுப்பும் விசி4 பக்கத்துக்கு அது இல்லை. ஆகவே திரைக்குப் போகும் பஃபரை விசி4இடம் ஒதுக்கி, டிஎம்ஏ-பஃப் வழியாக வி3டிக்குக் கொடுத்து அதில் வரையவைக்கிறார்கள். மாறிச் செய்தால் வரைந்த படம் திரைக்குப் போகாது.

தொடர்ச்சியான மெமரி, அதற்கென்றே ஒதுக்கிவைத்த சிஎம்ஏ பகுதியிலிருந்து வரும். அதன் அளவைப் பூட் வரியில் 'சிஎம்ஏ=' என்று கொடுக்கலாம். கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 3840 × 2160 திரைக்கு ஒரு பஃபர் 3,31,77,600 பைட். 64 எம்பி பகுதியில் இரண்டு புகும், மூன்றாவது புகாது. மூன்று பஃபர் கேட்கும் கம்போசிட்டர் (விண்டோக்களை ஒன்றாக்கித் திரைக்குக் கொடுக்கும் செயலி) அங்கே 'ஈநோமெம்' (மெமரி இல்லை) வாங்கி நிற்கும். '/ப்ரொக்/மெமின்ஃபோ'வில் 'சிஎம்ஏஃப்ரீ' நிறையக் காட்டியும் ஒதுக்கீடு தவறுகிறதா? நடுவே யாரோ பின் பண்ணிய (இடம் மாறாதபடி பூட்டிய) பக்கங்கள் நகர மறுக்கின்றன, தொடர்ச்சியான நீளம் கிடைக்கவில்லை. பெரிய பஃபர்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி மீண்டும் மீண்டும் பாவிப்பதுதான் நடைமுறைத் தீர்வு.

சாதனத்தைக் கண்டதும் கேர்னல் அழைக்கும் ப்ரோப் செயலில் இரண்டு வரிகளை மறக்கவேண்டாம். சாதனம் எத்தனை பிட் முகவரியைத் தொடும் என்பதை 'டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹீரன்ட்' மூலம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 32 பிட் என்றே கேர்னல் நம்பும். 4 ஜிபிக்கு மேலுள்ள பக்கங்கள் இடைத்தாங்கல் வழியாகப் படியெடுக்கப்படும், கடைசியில் 'எஸ்டபிள்யூஐஓடிஎல்பி பஃபர் இஸ் ஃபுல்' என்ற செய்தி வரும். 4 ஜிபிக்குக் குறைந்த ரேம் உள்ள மெஷினில் இது பெரும்பாலும் தெரியாது, நண்பரின் 8 ஜிபி மெஷினில்தான் விழும். இரண்டாவது 'டிஎம்ஏ_செட்_மேக்ஸ்_செக்_சைஸ்'. சொல்லாத வரை ஒரு துண்டுக்கு 65,536 பைட்தான் என்று கணக்கு. டிஎம்ஏ டிபக் எச்சரிக்கை கொட்டும்.

உருவாக்கும் ஒழுங்கு

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். பாதுகாப்பு ஓட்டைகள் அதிகம் பிறப்பது இங்கேதான்.

ஜெம் ஒப்ஜெக்டுக்குள் ஒரு ரெஃபரன்ஸ் எண்ணி இருக்கிறது. ஒப்ஜெக்டை உருவாக்கியதும் எண்ணி 1, அது உங்கள் ஐஒக்டலின் பங்கு. 'டிஆர்எம்_ஜெம்_ஹேண்டில்_கிரியேட்' அழைத்தால் ஹேண்டிலுக்கென்று இன்னொன்று கூடி 2 ஆகும். பிறகு உங்கள் பங்கை 'டிஆர்எம்_ஜெம்_ஒப்ஜெக்ட்_புட்' கொடுத்து விடவேண்டும், 1 மிஞ்சும். அதைப் பாவனையாளர் ஹேண்டிலை மூடும்போது அவரே குறைப்பார்.

புட்டை மறந்தால் பஃபர் ஒருபோதும் விடுபடாது. அது லீக், நாளடைவில் தெரியவரும். அதைவிட மோசமானது இன்னொன்று. ஹேண்டிலை உருவாக்கி, உங்கள் பங்கையும் விட்டுவிட்டு, 'இன்னும் பதிலில் அளவை எழுதவேண்டுமே' என்று ஒப்ஜெக்டின் உள்ளே கை வைப்பது. ஹேண்டில் எண்கள் 1, 2, 3 என்று வரிசையாக வரும். இன்னும் உங்கள் ஐஒக்டல் திரும்பாத நிலையில், அதே செயலியின் மற்றொரு த்ரெட் அடுத்த எண்ணை ஊகித்து 'ஜெம் குளோஸ்' அடிக்கலாம். எண்ணி பூச்சியம், மெமரி போய்விட்டது, நீங்கள் வாசிப்பது வேறொருவருடைய இடம். கியூஎக்ஸ்எல் டிரைவரில் இதே வடிவப் பிழைக்கு, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-39198 என்ற எண் கொடுக்கப்பட்டது. அங்கே டம்ப் பஃபர் (சிபியு மட்டும் வரையும் எளிய பஃபர்) உருவாக்கும் செயல், ஹேண்டில் மட்டுமே பிடித்திருந்த ஒப்ஜெக்டை வாசித்தது.

ஆகவே ஒழுங்கு இது. அளவையும் கொடிகளையும் சோதியுங்கள். ஒப்ஜெக்டை உருவாக்குங்கள். கேஷ் வகை, ஜிபியு முகவரி முதலிய எல்லாவற்றையும் அதில் நிரப்புங்கள். பாவனையாளருக்குப் போகவேண்டிய பிட்ச், அளவு, முகவரி எல்லாவற்றையும் பதில் அமைப்பில் எழுதி முடியுங்கள். கடைசியாக ஹேண்டிலை உருவாக்குங்கள். அடுத்த வரியிலேயே புட். அதற்கடுத்த வரி ரிட்டர்ன். ஹேண்டில் உருவாக்கம் தவறினாலும் இதே புட் எண்ணியைப் பூச்சியமாக்கி ஒப்ஜெக்டை அழித்துவிடும். தனியாகத் துடைக்கும் வழி எழுதத் தேவையில்லை.

மற்ற ஐஒக்டல்களில் ஹேண்டிலைக் கொடுத்து ஒப்ஜெக்டை எடுக்க 'டிஆர்எம்_ஜெம்_ஒப்ஜெக்ட்_லுக்அப்'. இதுவும் எண்ணியை ஒன்று கூட்டும். நடுவே பிழை வந்து வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் புட் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரே வெளியேறும் லேபல் வைத்து எல்லாப் பிழையும் அங்கே போகும்படி எழுதினால் மறக்க இடமில்லை.

அழிக்கும் செயலிலும் ஒழுங்கு முக்கியம். முதலில் ஜிபியுவின் எம்எம்யு அட்டவணையிலிருந்து நீக்குங்கள், பிறகு ஜிபியுவின் டிஎல்பியை (அந்த அட்டவணையின் கேஷை) துடைத்து, அது முடிந்தது என்று வன்பொருள் சொல்லும்வரை காத்திருங்கள். அதன் பின்னரே பக்கங்களைக் கேர்னலுக்குத் திருப்பிக் கொடுங்கள். டிஎல்பி துடைக்குமுன் பக்கங்களை விட்டால், அவற்றைக் கேர்னல் யாருடையதோ ஃபைலுக்குக் கொடுத்திருக்க, ஜிபியு பழைய முகவரியை நம்பி அதில் எழுதும். அறிகுறி கிராஃபிக்ஸில் தெரியாது. சம்பந்தமில்லாத ஃபைல் ஒன்று கெட்டுப்போகும், செயலி ஒன்று காரணமின்றி விழும்.

செயலிக்கு மெமரியைக் காட்டுவது

டிஆர்எம் ஃபைலின் மேல் செயலி எம்மேப் அழைக்கும்போது எந்தப் பஃபர் வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு போலி ஒஃப்செட் பாவிக்கிறோம். 'டிஆர்எம்_ஜெம்_கிரியேட்_எம்மேப்_ஒஃப்செட்' அதை உருவாக்கும். 64 பிட் கேர்னலில் இந்த ஒஃப்செட்கள் 4 ஜிபியிலிருந்து தொடங்கும். சோதனைச் செயலியில் அந்த எண்ணைச் சாதாரண 32 பிட் 'இன்ட்'டில் வாங்கினால் மேற்பாதி அறுந்து, எம்மேப் 'ஈஇன்வல்' திருப்பும். டிரைவரில் பிழை தேடி நேரத்தை வீணாக்குமுன் செயலியில் மாறியின் வகையைப் பாருங்கள். 32 பிட் செயலியாக இருந்தால் 'எம்மேப்64' வேண்டும்.

மேப் தனக்கென ஒரு ரெஃபரன்ஸ் பிடிக்கும். ஆகையால் ஹேண்டிலை மூடிய பிறகும் மேப் உயிரோடு இருந்தால் பஃபரும் உயிரோடு இருக்கும். அது சரியான நடத்தை, லீக் என்று எண்ணவேண்டாம்.

கேஷ் விடயத்தில் ஏஆர்எம் போர்டுகள் பலரைத் திணறவைக்கும். சிபியு எழுதியது கேஷில் கிடக்க, ஜிபியு ரேமிலிருந்து பழையதை வாசிக்கும். இதைக் கண்ணால் அடையாளம் காணலாம்: படத்தில் ஆங்காங்கே கிடைக்கோடாகச் சிறு துண்டுகள், ஒவ்வொன்றும் 16 பிக்சல் அகலம், பழைய படத்தின் நிறத்தில். கேஷ் வரி 64 பைட், பிக்சல் 4 பைட், அதனால்தான் 16. சற்று நேரத்தில் தானாகவே மறைந்துவிடும், கேஷ் தானே ரேமுக்குப் போய்ச் சேர்வதால். இத்துண்டுகளைக் கண்டால் டிரைவரின் வரையும் கோட்டைத் தொடாதீர்கள்.

தீர்வு இரண்டு. ஷ்மெம் ஒப்ஜெக்டில் 'மேப்_டபிள்யூசி'யை இயக்கினால் எழுத்துகள் கேஷைத் தவிர்த்துச் சேர்ந்து போகும். எழுத வேகம், வாசிக்க மிக மந்தம். செயலி படத்தைத் திரும்ப வாசிக்கும் தேவை இருந்தால் அவதிப்படும். மற்றது கேஷோடு மேப் பண்ணி, சாதனத்துக்குக் கொடுக்குமுன்னும் எடுத்த பின்னும் டிஎம்ஏ சிங்க் அழைப்பது. திரைக்குப் போகும் பஃபருக்கு முதலாவதும், கணக்கிட்டு விடையை வாசிக்கும் பஃபருக்கு இரண்டாவதும் என்பது எங்கள் தெரிவு. ஒரே பக்கத்தைக் கேர்னலில் ஒரு வகையாகவும் செயலியில் இன்னொரு வகையாகவும் மட்டும் மேப் பண்ணாதீர்கள். விளைவு என்ன என்று எவராலும் உறுதி கூற முடியாது.

ஜிபியு வேலையும் ஃபென்ஸும்

செயலி வேலையை அனுப்பிவிட்டு உடனே ஹேண்டில்களை மூடலாம், அதற்கு அந்த உரிமை உண்டு. ஜிபியு இன்னும் வரைந்துகொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு வேலையும் தான் தொடும் எல்லாப் பஃபரிலும் ஒரு ரெஃபரன்ஸ் எடுத்து, முடிந்ததற்கான ஃபென்ஸ் ஒலித்த பிறகே விடவேண்டும். விடும் இடம் எது என்பதைக் கவனியுங்கள். ஃபென்ஸ் இன்டரப்டில் ஒலிக்கும். அங்கேயே புட் அழைத்தால், அது கடைசி ரெஃபரன்ஸாக இருக்கும்பட்சத்தில் அழிக்கும் செயல் லொக் கேட்டுத் தூங்கப் பார்க்கும். இன்டரப்டில் தூங்க முடியாது. வேர்க்கியூ (தூங்கக்கூடிய இடத்தில் பிறகு ஓடும் வேலை வரிசை) ஒன்றில் போட்டு அங்கே விடுங்கள்.

பல பஃபர்களை ஒரே வேலை தொடும்போது எல்லாவற்றின் ரிசர்வேஷன் லொக்கையும் எடுக்கவேண்டும். ஒருவர் முதலாவதைப் பிடித்து இரண்டாவதுக்குக் காத்திருக்க, மற்றவர் இரண்டாவதைப் பிடித்து முதலாவதுக்குக் காத்திருந்தால் இருவரும் நின்றுவிடுவர். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை வயற்பாதையில் நெல் ஏற்றிய இரண்டு உழவு இயந்திரங்கள் எதிரெதிரே வந்து நிற்கும் நிலைதான். யாராவது ஒருவர் பின்னுக்குப் போனால்தான் வழி பிறக்கும். கேர்னலில் யார் பின்வாங்குவது என்று முன்கூட்டியே தீர்மானம் இருக்கிறது: பிந்தி வந்தவர். அவருக்கு 'ஈடெட்எல்கே' என்ற பிழை வரும். அவர் கையிலுள்ள எல்லா லொக்கையும் விட்டு, தனக்கு மறுக்கப்பட்டதை முதலில் காத்திருந்து எடுத்து, மற்றவற்றை மீண்டும் எடுக்கவேண்டும். இதைச் சொந்தமாக எழுதாதீர்கள், 'டிஆர்எம்_ஜெம்_லொக்_ரிசர்வேஷன்ஸ்' இருக்கிறது. புதிய கேர்னல்களில் 'டிஆர்எம்_எக்செக்'கும் உண்டு. பட்டியலில் ஒரே பஃபர் இரண்டு தரம் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் நீங்கள் தீர்மானிக்கவேண்டும். ஐஒக்டலின் தொடக்கத்திலேயே மறுத்துவிடுவது எளிது.

லொக் கையில் வந்ததும் 'டிஎம்ஏ_ரெஸ்வ்_ரிசர்வ்_ஃபென்செஸ்' மூலம் இடம் ஒதுக்குங்கள். இது மெமரி கேட்கும், தவறலாம். ஆகவே வேலையை வன்பொருளுக்குத் தள்ளுமுன் செய்யவேண்டும். அதன் பிறகு 'டிஎம்ஏ_ரெஸ்வ்_ஆட்_ஃபென்ஸ்' தவறாது. ஃபென்ஸைச் சேர்க்கும்போது எழுதும் பஃபருக்கு எழுத்து வகையையும் வாசிக்கும் பஃபருக்கு வாசிப்பு வகையையும் கொடுங்கள். வாசிக்க வருபவர் எழுத்து ஃபென்ஸ்களுக்கு மட்டுமே காத்திருப்பார். எழுதிய பஃபரை வாசித்ததாகப் பதிந்தால் கம்போசிட்டர் காத்திருக்காமல் எடுத்துக் காட்டும். அரைகுறைப் படம் மினுங்கும். எல்லாவற்றையும் எழுத்து என்று பதிந்தால் படம் சரியாக வரும், ஆனால் ஒன்றுக்கொன்று தேவையின்றிக் காத்திருந்து வேகம் விழும்.

'டிஎம்ஏ_ரெஸ்வ்_வெய்ட்_டைம்அவுட்' திருப்பும் விடையை வாசிப்பதில் நிறையப் பேர் இடறுகிறார்கள். பூச்சியத்துக்கு மேல் என்றால் முடிந்தது. பூச்சியம் என்றால் நேரம் தீர்ந்தது, ஜிபியு இன்னும் ஓடுகிறது. எதிர்மறை என்றால் பிழை. கேர்னலில் மற்ற இடங்களில் பூச்சியம் வெற்றி என்று பழகிய கை 'பூச்சியமானால் தொடர்' என்று எழுதிவிடும், பஃபர் ஓடும் ஜிபியுவுக்குக் கீழிருந்து உருவப்படும்.

ஃபென்ஸை ஒலிக்கவைக்கும் வழியில் எங்கும் 'ஜிஎஃப்பி_கேர்னல்' கொண்டு மெமரி கேட்காதீர்கள். ரேம் குறைந்தால் அந்தக் கோரிக்கை, பஃபர்களிடமிருந்து மெமரியை மீட்கும் ஷ்ரிங்கரை எழுப்பும், ஷ்ரிங்கர் ஃபென்ஸுக்குக் காத்திருக்கும், ஃபென்ஸ் மெமரிக்குக் காத்திருக்கும். அந்த வழியைச் சுற்றி 'டிஎம்ஏ_ஃபென்ஸ்_பிகின்_சிக்னலிங்' என்ற குறியை இட்டால், உண்மையில் சிக்குமுன்பே லொக்டெப் (ப்ரூவ் லொக்கிங் இயக்கும் சோதனை) காட்டிக்கொடுக்கும்.

பகிர்வு

டிஎம்ஏ-பஃப் 2012இல் 3.3 கேர்னலில் வந்தது. ஹேண்டிலை ஃபைல் டிஸ்கிரிப்டராக மாற்றி வேறு செயலிக்கோ சாதனத்துக்கோ கொடுக்கலாம். வாங்கும் டிரைவரில் புதிய ஜெம் ஒப்ஜெக்ட் பிறக்கும், ஆனால் பக்கங்கள் கொடுத்தவருடையவை. ஆகவே அழிக்கும் செயலில் 'இம்போர்ட்_அட்டாச்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கங்களை விடாமல் இணைப்பை மட்டும் கழற்றவேண்டும். உங்களுடைய சொந்தப் பஃபரே சுற்றித் திரும்பி வந்தால் பொது உதவிக் கோட் பழைய ஒப்ஜெக்டையே கொடுக்கும்.

செயலிப் பக்கத்தில் ஒரு சிக்கல். ஒரே டிஎம்ஏ-பஃபை ஒரே டிஆர்எம் ஃபைலில் இரண்டு தரம் இறக்கினால் இரண்டு தரமும் ஒரே ஹேண்டில் எண்தான் வரும், அதற்குத் தனி எண்ணி இல்லை. அதை இறக்கிய முதல் நூலகம் (லைப்ரரி) வேலை முடிந்து ஹேண்டிலை மூடினால் இரண்டாவதின் ஹேண்டிலும் செத்துப்போகும். செயலிதான் தன்னிடம் ஹேண்டில் அட்டவணை வைத்து எண்ணவேண்டும்.

ரேம் குறையும்போது விட்டுக்கொடுக்கும் ஷ்ரிங்கரைக் கடைசியில் சேருங்கள். மற்ற அனைத்தும் உறுதியான பிறகுதான் அதைத் தொடவேண்டும். 'இது இப்போது தேவையில்லை' என்று செயலி குறித்த பஃபர்களை மட்டும் எடுங்கள். லொக்கைக் காத்திருந்து எடுக்காமல் ட்ரைலொக் பாவியுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். எடுத்துவிட்ட பஃபரின் பழைய மேப்களைக் கழற்றி, செயலி மீண்டும் தொட்டால் 'சிக்பஸ்' சிக்னல் கிடைக்கும்படி செய்யுங்கள்.

சோதனை

'டிஆர்எம்.டிபக்=10' என்று கேர்னலுக்குக் கொடுத்தால் டிரைவர் செய்திகளும் (2) பகிர்வுச் செய்திகளும் (8) கேர்னல் பதிவேட்டில் விழும். '/சிஸ்/கேர்னல்/டிபக்/டிஎம்ஏ_பஃப்/பஃப்இன்ஃபோ'வில் உயிரோடிருக்கும் பகிர்ந்த பஃபர்கள் தெரியும். ஐஜிடி ஜிபியு டூல்ஸ் தொகுப்பில் டம்ப் பஃபர் சோதனையிலிருந்து தொடங்குங்கள். தவறான அளவுகளை அது நன்றாகத் தட்டிப்பார்க்கும்.

ஒதுக்கீடு தவறும் வழிகளை யாரும் சோதிப்பதில்லை, ஆனால் 4 ஜிபி லெப்டொப்பில் உண்மையில் நடப்பது அதுதான். ஃபெயில்ஸ்லாப், ஃபெயில்_பேஜ்_அலொக் ஆகிய இரண்டும் வேண்டுமென்றே ஒதுக்கீட்டைத் தவறவைக்கும். ஐஒக்டலின் ஒவ்வொரு ஒதுக்கீடும் ஒரு தரமாவது தவறும்வரை ஓடவிடுங்கள்.

பிறகு இதைச் செய்யுங்கள். '/ப்ரொக்/மெமின்ஃபோ'வில் 'ஷ்மெம்' வரியைக் குறித்துவையுங்கள். பஃபர் உருவாக்கி, மேப் பண்ணி, பகிர்ந்து, வேலை அனுப்பும் செயலி ஒன்றைத் தொடக்கி, நடுவழியில் 'கில் -9' அடியுங்கள். இதை ஸ்கிரிப்டில் போட்டு ஆயிரம் தரம், ஒவ்வொரு தரமும் வேறு நேர இடைவெளியில். முடிந்ததும் 'ஷ்மெம்' எண் தொடங்கிய இடத்துக்கு அருகே வந்திருக்கவேண்டும், பஃப்இன்ஃபோவில் உங்கள் டிரைவரின் பஃபர் ஒன்றும் மிஞ்சக்கூடாது, கேஏசான் மௌனமாக இருக்கவேண்டும். 'ஷ்மெம்' ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவால் கூடுகிறதா? அந்த வரி கேபி கணக்கில் இருப்பதால், கூடிய அளவை 4ஆல் வகுத்துப் பாருங்கள். 1032 வந்தால் 1366 × 768 பஃபர் ஒன்று மாட்டியிருக்கிறது, எந்த ஐஒக்டல் அந்த அளவில் கேட்டது என்று அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.